கேஎல்எக்ஸ் 250 பின் சஸ்பென்ஷன்: லிங்கேஜில் தொடங்கி ஸ்பிரிங்கில் முடிந்த வேலை

இப்போது வண்டி நிற்க வேண்டிய உயரத்தில் நிற்கிறது. நான் முழு உடையோடு ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் 74 மி.மீ. அமுங்குகிறது. ஆள் இல்லாமல் தன் எடையில் மட்டும் நின்றால் 20 மி.மீ. செம்பனைத் தோட்டத்துப் பாதையில் வேர்கள் குறுக்கே கிடக்கும் இடத்தை மூன்றாம் கியரில் கடந்தாலும் இருக்கை தூக்கி அடிப்பதில்லை. இந்த இரண்டு எண்களுக்கு வந்து சேர்வதற்குள், ஷாக் அப்சார்பரையும் பின் சக்கரப் பக்கத்தையும் இணைக்கும் லிங்கேஜ் முழுக்கக் கழன்றது, பேரிங் எல்லாம் மாறியது, கடைசியில் ஸ்பிரிங்கும் மாறியது. இதே வண்டியோ, லிங்கேஜ் வைத்த வேறு டர்ட் பைக்கோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி கவாசாகி கேஎல்எக்ஸ் 250. மலேசியாவில், சுங்கை பட்டாணியில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. இதன் பின் சக்கரம் மொத்தம் 230 மி.மீ. மேலும் கீழும் போய்வரும். கம்பெனியில் இருந்து வரும்போது இருக்கை உயரம் 890 மி.மீ., அதாவது சராசரி உயரம் உள்ளவருக்கு இரண்டு காலும் தரையில் எட்டாது. முன்பு வைத்திருந்தவர் அதற்காகப் பின்பக்கத்தை இறக்கியிருந்தார். லிங்கேஜில் இருக்கும் இரண்டு தட்டுகளுக்குப் பதிலாகக் கொஞ்சம் நீளமான தட்டுகள். நம் பசங்க 'நாய் எலும்பு' என்று சொல்வார்களே, அதுதான். பழைய தட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு பத்திரமாக வைத்திருந்து என்னிடமே கொடுத்துவிட்டார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த வேலையின் செலவு இன்னும் ஏறியிருக்கும்.

வண்டியில் என்ன குறை என்றால், சின்னச் சின்ன வேர், கல் மீது போகும்போது பின்பக்கம் கட்டை மாதிரி இறுகி முதுகை அடிக்கும். ஆனால் தோட்டத்துக் காட்டுவாய்க்காலைத் தாண்டி இறங்கும்போது அதே பின்பக்கம் அடிவரைக்கும் போய் 'டொக்' என்று இடிக்கும். சின்ன அடிக்குக் கடினம், பெரிய அடிக்கு மென்மை. இது போதாதென்று வளைவில் முன் சக்கரம் திரும்ப மறுத்து அகலமாகப் போகும். ஹேண்டிலை அழுத்திப் பிடித்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது.

எல்லாரும் போல நானும் முதலில் கை வைத்தது ஷாக்கில் இருக்கும் திருகுகளில்தான். இந்த ஷாக்கில் கம்ப்ரெஷனுக்கும் (அமுங்கும் வேகம்) ரீபவுண்டுக்கும் (திரும்ப எழும் வேகம்) 16 நிலைகள் இருக்கின்றன. கம்ப்ரெஷனைத் தளர்த்தினால் வேரில் அடிப்பது குறைய வேண்டும். குறையவில்லை. இறுக்கினால் வாய்க்காலில் இடிப்பது நிற்க வேண்டும். அதுவும் நிற்கவில்லை. திருகு எந்த நிலையில் இருந்தாலும் வண்டி ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டது. திருகைத் திருப்பி வித்தியாசமே தெரியவில்லை என்றால் கோளாறு ஷாக்குக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயே அதை விட்டுவிட்டு அளவு நாடாவை எடுத்தேன்.

சாக், அதாவது எடைக்குப் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு, அதை அளப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பின் ஆக்சிலின் நடுவில் இருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஒரு அளவு. கீழே இறக்கி ஆள் இல்லாமல் ஒரு அளவு. ஆள் ஏறி, பூட்ஸ், ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டு, கால் பெக்கில் வைத்து ஒரு அளவு. தனியாக அளக்க முடியாது. பக்கத்து வீட்டுத் தம்பி நாடாவைப் பிடித்தான், இன்னொருவன் முன்னால் ஹேண்டிலைப் பிடித்தான். என் எடை உடையோடு 97 கிலோ.

தொங்கும்போது 575. நான் ஏறி உட்கார்ந்து, பின்பக்கத்தை நன்றாக அமுக்கி மெதுவாக மேலே வரவிட்டால் 482. அதே நான் உட்கார்ந்திருக்க, தம்பி பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி மெதுவாக விட்டால் 504. ஒரே ஆள், ஒரே வண்டி, ஒரே நிமிடத்தில் 22 மி.மீ. வித்தியாசம். "அண்ணே, நாடா சரியாத்தான் பிடிச்சிருக்கேன்" என்றான் தம்பி. நாடாவில் தப்பே இல்லை. ஸ்பிரிங் தள்ளுகிறது, எடை அமுக்குகிறது, நடுவில் ஏதோ ஒன்று இரண்டையும் நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. லிங்கேஜ் ஆரோக்கியமாக இருக்கும் வண்டியில் இந்த வித்தியாசம் சில மில்லிக்குள்தான் இருக்கும். நிறையப் பேர் சாக்கை ஒரு தடவை அளந்து எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று அளந்து பாருங்கள். லிங்கேஜைத் திறக்காமலேயே அதன் நிலைமையைச் சொல்லிவிடும் சோதனை இது.

சரி, திறந்தாக வேண்டும். எஞ்சினுக்கு அடியில் சேஸிஸ் குழாய்களில் மரக்கட்டை வைத்து, அதன் கீழ் ஜாக். முன் சக்கரத்தைப் பட்டையால் தூணோடு இழுத்துக் கட்டினேன். பின் சக்கரம், செயின் கார்டு கழற்றியதும், ஷாக்கின் அடி போல்ட்டை மட்டும் உருவி ஷாக்கைப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மைக் கையால் தூக்கி விட்டேன். ஷாக் பிடிப்பு இல்லாதபோது அது தொப்பென்று கீழே விழ வேண்டும். இது பாதி உயரத்தில் அப்படியே நின்றது! கையால் அமுக்கினால்தான் இறங்கியது, அதுவும் மணல் நறநறக்கும் சத்தத்தோடு.

லிங்கேஜ் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மூன்று துளை உள்ள ஒரு ராக்கர், அதோடு சேரும் இரண்டு தட்டுகள். இவை ஷாக்கின் அடியையும் சேஸிஸையும் ஸ்விங்ஆர்மையும் இணைக்கின்றன. சக்கரம் மேலே போகப் போக ஷாக்கை வேகமாக அமுக்கும்படி இந்தக் கோணங்கள் அமைந்திருக்கும், அதனால்தான் ஆரம்பத்தில் மென்மையும் கடைசியில் இறுக்கமும் கிடைக்கிறது. கவாசாகி இதற்கு யூனி-டிராக் என்று பெயர் வைத்திருக்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் நீடில் பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்டது), அதற்குள் ஒரு எஃகு காலர் (சின்னக் குழாய்), இரு பக்கமும் சீல், நடுவே ஓடும் போல்ட். வண்டியிலேயே மிகத் தாழ்வான இடத்தில், பின் சக்கரம் வாரியடிக்கும் செம்மண் நேராக வந்து விழும் இடத்தில் இத்தனையும் இருக்கிறது.

இரண்டு போல்ட் சுலபமாக வந்தன. ராக்கரின் நடு போல்ட் மட்டும் காலரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. துரு இளக்கும் எண்ணெயை ராத்திரி அடித்துவைத்துக் காலையில் நட்டைப் போல்ட்டின் நுனியோடு சமமாக இருக்கும்படி மாட்டி, அதன் மேல் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினேன். நட் இல்லாமல் நேராகச் சுத்தியால் அடித்தால் மரை மழுங்கிவிடும். கொஞ்சம் அசைந்ததும் சாவி போட்டுச் சுற்றிச் சுற்றி வெளியே இழுத்தேன்.

உள்ளே பார்த்தால் கிரீஸ் என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. செங்கல் பொடி நிறத்தில் ஒரு பசை. ராக்கரைச் சாய்த்ததும் ஊசிகள் தனித்தனியாக விழுந்தன, சில பாதியாக உடைந்திருந்தன. காலரைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஊசிகள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்து நெட்டுக்குக் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. நகத்தால் குறுக்கே தடவினால் ஒவ்வொரு கோடும் தட்டுப்படுகிறது. இப்படி இருக்கும் காலரில் புது பேரிங் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெரும்பாலும் இதற்குக் காரணம் தண்ணீர். ஓட்டி முடித்ததும் கடையில் பிரஷர் வாஷரால் அடியில் பீய்ச்சி அடிக்கிறோம். அந்த வேகத்தில் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகிறது. போனது வெளியே வருவதில்லை.

பேரிங், காலர், சீல் எல்லாம் சேர்ந்த செட் ஆன்லைனில் 210 வெள்ளி (ரிங்கிட்). பழைய பேரிங்கின் வெளி ஓடு கழன்று வர, 12 மி.மீ. மரைக் கம்பி ஒன்று, இரண்டு நட், ஒரு பக்கம் பேரிங்கைவிடக் கொஞ்சம் சின்ன சாக்கெட், மறுபக்கம் பேரிங் உள்ளே விழும் அளவுக்குப் பெரிய சாக்கெட். நட்டை இறுக்கினால் ஓடு மெல்ல வெளியே வரும். ராக்கரில் இருந்தது இப்படி வந்துவிட்டது. ஸ்விங்ஆர்ம் பக்கத்தில் இருந்தது அலுமினியத்தோடு பிடித்துக்கொண்டு அசையவே இல்லை, கம்பிதான் வளைந்தது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கடைசல் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த தௌக்கே (முதலாளி) அலுமினியத்தைக் காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து ஒரே அழுத்தில் வெளியே தள்ளினார். 30 வெள்ளி. பழைய பேரிங் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டு வந்தாயா என்று முதலில் கேட்டார். அளந்து வைத்திருந்தேன். இது முக்கியம். ஒரு மில்லி கூடுதலாக உள்ளே போனால் ஒரு பக்கம் சீல் சரியாக உட்காராது, சீல் உட்காராவிட்டால் பழைய கதைதான்.

புது பேரிங்குகளை ஃப்ரீசரில் வைத்து, ராக்கரை லேசாகச் சூடாக்கிப் போட்டேன், அதிகம் சிரமம் இல்லை. கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். படகு எஞ்சின்களுக்குப் போடும் நீர் தாங்கும் கிரீஸ் ஒரு டப்பா 38 வெள்ளி. ஊசிகளுக்கு நடுவே விரலால் திணித்து, காலரின் வெளிப்பக்கம், சீலின் உதடு, போல்ட்டின் வழவழப்பான பகுதி எல்லாவற்றிலும் பூச வேண்டும். மரையில் மட்டும் வேண்டாம், டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவு தப்பாகிவிடும். நட்களை மேனுவலில் இருக்கும் டார்க்குக்கு இறுக்கினேன். லிங்கேஜ் போல்ட்டுகளைக் கை அளவில் இறுக்கிவிட்டுப் போவது நல்லதல்ல.

எல்லாம் மாட்டிய பிறகு ஷாக் இல்லாமல் ஸ்விங்ஆர்மைத் தூக்கி விட்டேன். சத்தமே இல்லாமல் கீழே விழுந்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான்.

நீளத் தட்டுகளை மறுபடி மாட்டவில்லை. இரண்டு ஜோடியையும் பக்கத்தில் வைத்து வெர்னியரால் துளை நடுவில் இருந்து துளை நடு வரை அளந்தால் வித்தியாசம் வெறும் 6 மி.மீ. அந்த 6 மில்லி பின்பக்கத்தை 25 மில்லி இறக்கிவிட்டது. இந்த வண்டியில் தட்டு நீளமானால் பின்பக்கம் தாழும். பின்பக்கம் மட்டும் 25 மில்லி தாழ்ந்தால், சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தூரத்துக்கு, முன் ஃபோர்க் ஏறக்குறைய 1 டிகிரி சாய்ந்துவிடும். முன்பு வைத்திருந்தவர் ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே ஏற்றி அதை ஈடுகட்டவில்லை. வளைவில் முன் சக்கரம் அகலமாக ஓடியதற்குக் காரணம் அதுதான். அப்புறம் இன்னொன்று, ஷாக் அமுங்கும் நீளம் மாறவில்லை, ஆனால் சக்கரம் ஏற்கனவே 25 மில்லி மேலே இருந்து ஆரம்பிக்கிறது. அப்படியானால் முழுக்க அமுங்கும்போது அது போக வேண்டிய இடத்தைத் தாண்டி மேலே போகும். மட்கார்டின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன், டயர் பல் தேய்ந்த அரைவட்டத் தடம் பளபளவென்று இருந்தது. நான் கேட்ட 'டொக்' சத்தத்தில் பாதி டயர் பிளாஸ்டிக்கில் இடித்தது. கால் எட்டவில்லை என்பவர்களுக்கு என் யோசனை, இருக்கை ஃபோமைச் செதுக்குவது. லிங்க் மாற்றுவதாக இருந்தால் ஃபோர்க் உயரத்தையும் சேர்த்து மாற்றுங்கள், முழு அமுக்கத்தில் டயர் எங்கே நிற்கிறது என்று ஸ்பிரிங் இல்லாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய தட்டு மாட்டியதும் கூடவே வரும் வேலைகள் இரண்டு. செயின் தளர்வு மாறிவிடும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இறுகும். ஷாக் வெளியே இருக்கும்போதே அந்த நிலைக்குக் கொண்டுவந்து, அங்கே கொஞ்சமாவது தளர்வு இருக்கும்படி வைத்துவிட்டால் பிறகு கவலை இல்லை. இரண்டாவது, சைட் ஸ்டாண்ட். வண்டியை இறக்கியவர் ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டையாக்கியிருந்தார், இப்போது வண்டி பயமாகச் சாய்ந்தது. வெல்டிங் கடையில் 20 மில்லி துண்டு வைத்து ஒட்டினோம், 15 வெள்ளி.

மறுபடி அளவு நாடா. தொங்கும்போது 600. நான் ஏறியதும் மேலிருந்தும் கீழிருந்தும் அளந்தால் 507, 503. வித்தியாசம் 4 மில்லி! இப்போதுதான் அளவுக்கே ஒரு அர்த்தம் வந்தது. சராசரி 505, அதாவது 95 மில்லி அமுக்கம். ஆள் இல்லாமல் 33. மொத்தம் 230 மில்லி உள்ள வண்டியில் ஆளோடு மூன்றில் ஒரு பங்கு, 70 முதல் 75 வரை, அமுங்கினால் போதும். ஆகவே ஷாக்கின் மேலே இருக்கும் இரட்டை வளையத்தைக் கொக்கிச் சாவியால் சுற்றி ஸ்பிரிங்கை இறுக்கினேன். ஒரு சுற்றுக்கு 1.5 மில்லி இறங்குகிறது, சக்கரத்தில் அது ஏறக்குறைய 4 மில்லியாகத் தெரிகிறது. ஐந்து சுற்றில் ஆளோடு 74 வந்துவிட்டது. ஆனால் ஆள் இல்லாமல் 12 மில்லிதான்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் திருப்தியாகி நிறுத்திவிடுகிறார்கள். 74 வந்துவிட்டதே, அப்புறம் என்ன? ஆள் இல்லாத அளவு 20க்கும் 30க்கும் நடுவே இருக்க வேண்டும். அது மிகக் குறைவாக இருந்தால் ஸ்பிரிங் கனம் என்று தோன்றும், உண்மையில் அதற்கு நேர் எதிர். என் எடையைத் தாங்க முடியாத மெல்லிய ஸ்பிரிங்கை நான் முன்கூட்டியே நெருக்கி வைத்திருக்கிறேன், அதனால் வெறும் வண்டிக்கு அது அசைய மறுக்கிறது. ஓட்டும்போது இது நன்றாகவே தெரிந்தது. பிரேக் பிடித்துப் பின்பக்கம் லேசாகும்போது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் மண்ணை விட்டு எழுந்துகொண்டது.

பழையதைவிட 15 சதவீதம் கனமான ஸ்பிரிங் ஒன்று வாங்கினேன், 460 வெள்ளி. மாற்றுவதற்கு இந்த ஷாக்கில் அமுக்கும் கருவி தேவைப்படவில்லை. வளையத்தை முழுக்கத் தளர்த்தினால் ஸ்பிரிங் கையாலேயே ஆடும், அடித்தட்டை நகர்த்திக் கழற்றலாம். பக்கத்தில் இருக்கும் ரிசர்வாயரில் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது, அதன் வால்வில் மட்டும் கை வைக்க வேண்டாம். புது ஸ்பிரிங்கோடு ஆளுக்கு 74, ஆள் இல்லாமல் 20.

இனிமேல்தான் திருகுகளுக்கு வேலை. இரண்டையும் கடைசி வரை மெதுவாக மூடி, அங்கிருந்து 8 கிளிக் திறந்து ஆரம்பித்தேன். கனமான ஸ்பிரிங் வேகமாகத் திருப்பி உதைக்கும், அதனால் ரீபவுண்ட் கொஞ்சம் இறுக்கம் கேட்கும். பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில் வேர்கள் நிறைந்த நீண்ட ஒரு நேர்ப் பகுதியும் ஒரு வாய்க்காலும் இருக்கின்றன, அதே இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு தடவைக்கு ஒரு திருகு மட்டும். ரீபவுண்டை 2 கிளிக் மூடியதும் வாய்க்காலுக்குப் பிறகு வண்டி இரண்டாவது முறை குதிப்பது நின்றது. இன்னும் ஒரு கிளிக் மூடினால் வரிசையாக வரும் வேர்களில் பின்பக்கம் எழ நேரம் கிடைக்காமல் கீழேயே தங்கிவிட்டது, அதனால் ஒன்று திறந்துவிட்டேன். கம்ப்ரெஷன் 1 கிளிக் மூடியிருக்கிறது. முன்பு எந்தப் பக்கம் திருகினாலும் ஒன்றும் தெரியாத அதே ஷாக்கில் இப்போது ஒரு கிளிக்குக்கே வித்தியாசம் தெரிகிறது.

செலவு: பேரிங் செட் 210, பட்டறை 30, கிரீஸ் 38, ஸ்டாண்ட் 15, ஸ்பிரிங் 460. மொத்தம் 753 வெள்ளி. ஸ்பிரிங்கைத் தவிர்த்துப் பார்த்தால் 293தான், வண்டியின் குணம் பெருமளவு மாறியது அந்த 293லேயே. என்னைவிட எடை குறைந்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு தடவை செய்தால் பழைய டர்ட் பைக் வாங்கிய வாரமே லிங்கேஜைத் திறந்துவிடுவேன், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருக்க மாட்டேன். மரைக் கம்பி சாதாரண இரும்பாக இல்லாமல் உயர் இழுவிசை கொண்டதாக வாங்குவேன். ஸ்விங்ஆர்ம் பிவட் பேரிங்கையும் அதே சமயத்தில் கழற்றிக் கிரீஸ் வைப்பேன். இந்தத் தடவை கையால் ஆட்டிப் பார்த்து ஆட்டம் இல்லை என்று விட்டுவிட்டேன், அதற்காக இன்னொரு முறை பின்பக்கத்தைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வண்டி கழுவும்போது லிங்கேஜ் பக்கம் பிரஷர் தண்ணீர் அடிப்பதை நிறுத்திவிட்டேன், சாதாரணக் குழாயும் பிரஷ்ஷும்தான். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை போல்ட்டுகளை உருவிக் கிரீஸ் பார்ப்பதாக இருக்கிறேன்.

பின்பக்கம் தாங்க ஆரம்பித்ததும் முன் ஃபோர்க் மெல்லியதாக இருப்பது தெளிவாகத் தெரிகிறது, பிரேக் பிடித்தால் மூக்கு ஆழமாகக் குனிகிறது. ஃபோர்க் ஸ்பிரிங்குக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் ஆயில், சீல் எல்லாவற்றோடும் சேர்த்துத் திறந்துவிட்டு அதன் அளவுகளையும் எழுதுகிறேன்.